பழைய வீட்டுக்கு வெந்நீர்: வரவு செலவுக் கணக்கு



நம் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்போது வெறும் குடியிருப்பு மட்டும் நடப்பதில்லை. முகப்பில் கடை, இரண்டாங்கட்டில் கிட்டங்கி, பின்கட்டில் மெஸ் என்று பல வீடுகள் தொழில் வீடுகளாகிவிட்டன. சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு வெளிநாட்டார் வருகையும் பேச்சில் அடிபடுகிறது. வருகிறவர்கள் தேக்குத் தூணையும் முட்டைப் பூச்சுச் சுவரையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு, மறுநாள் காலையில் கேட்பது ஒன்றே ஒன்று: வெந்நீர்.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை வருமானம் இல்லாமல் எத்தனை காலம் நிறுத்திவைக்க முடியும்? வருமானம் வராத வீட்டைப் பற்றிப் பங்காளிகள் கூடும்போது, "பிரித்து விற்றுவிடலாம்" என்ற பேச்சு வருகிறது. பர்மாத் தேக்கை வாங்கிப் போக ஆள் தயாராக இருக்கிறான். ஆகவே வெந்நீர்ச் செலவு என்பது வீடு நிற்குமா விழுமா என்ற கணக்கில் ஒரு வரி.

எங்கள் பங்கு வீட்டின் பின்பகுதியில் எட்டு அறைகளை விடுதியாக விட்டிருக்கிறோம். அதற்காக நாங்கள் செய்த பிழையையும், பிறகு செய்த ஏற்பாட்டையும், அதன் கணக்கையும் இங்கே எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்க வேண்டாம். கிட்டங்கிக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நம் வீடுகளில் புதிதாக எதைச் செய்வதும் ஏன் கடினம் என்பதை முதலில் பார்ப்போம். சுவர் சுண்ணாம்புச் சுவர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சில் ஆணி இறங்கினால் விரிசல் ஓடும். அதே நிறத்தில், அதே வழவழப்பில் ஒட்டுப்போட இன்று கொத்தனார் கிடைப்பது அரிது. மேலே சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சைப் பெயர்த்துவிடும். தரை ஆத்தங்குடிக் கல். குழாய் போடத் தோண்டினால், எடுத்த கல்லுக்கு இணையான சாயலில் புதுக்கல் கிடைக்காது. கூரை அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு. ஆள் ஏறி நடந்தாலே நொறுங்கும். வயரிங் பல வீடுகளில் மரப்பட்டியில் ஓடிய பழைய வயரிங். இவ்வளவுக்கும் மேல், ஒரு துளை போடுவதென்றாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் புள்ளிகளின் சம்மதம் வேண்டும்.

இனி எங்கள் பிழை. ஏழெட்டு வருடம் முன்பு, வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தானே என்று சூரிய வெந்நீர் சாதனம் வாங்கினோம். அந்த யோசனையில் தவறில்லை. மட்டப்பா இருக்கிற வீட்டுக்கும், தோட்டத்தில் நிழல் விழாத இடம் இருக்கிற வீட்டுக்கும் இன்றைக்கும் அதுதான் முதல் மருந்து. ஓடுகிற செலவு இல்லை என்றே சொல்லலாம். நாங்கள் வைத்த இடம்தான் தவறு. 500 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே அரை டன். வந்த கம்பெனி ஆட்கள் ஓட்டுக்கு நடுவே இரும்புக் காலை ஊன்றி, "ஒன்றும் ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் ஆனது. விரிந்த ஓடு வழியாக இறங்கிய தண்ணீர் சுவரோடு ஓடி, இரண்டு கை அகலத்துக்குப் பூச்சை உப்ப வைத்தது. கீழே அடுக்கியிருந்த துவரம் பருப்பில் பதினொரு மூட்டை பூஞ்சைக்குப் போயிற்று. எங்கள் பங்காளிகளில் மூத்தவர் வந்து பார்த்தார். "தம்பி, வெந்நீர் வேண்டும் என்றாய். வீட்டையே குளிப்பாட்டிவிட்டாயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பருப்பு நஷ்டத்தைவிட அந்தச் சொல்தான் எங்களுக்கு உறைத்தது.

அதன்பின் அறைக்கு ஒரு கீசர் வைத்தோம். காலை ஆறு மணிக்கு எட்டு அறையிலும் கீசர் போட்டால், ஒன்றுக்கு 2 கிலோவாட் வீதம் 16 கிலோவாட். பழைய வயரிங் சூடேறி மெயின் விழுந்தது. அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்து, புது வயர் இழு என்று ஆரம்பித்தார்கள். மறுபடியும் சுவரைக் கிழிக்கிற கதை. இந்த நிலையில்தான் ஹீட் பம்ப் என்னும் இயந்திரத்தைப் பற்றி விசாரித்தோம்.

சரக்கு விலை இல்லை. வண்டிச் சத்தம் மட்டும்

ஹீட் பம்ப் என்றால் வெப்பத்தை இறைக்கும் இயந்திரம். பெயர்தான் புதிது, இயந்திரம் நம் கடையிலேயே இருக்கிறது. குளிர்பானப் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், சுடும். பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. அந்த வெளிச்சூட்டை அறையில் வீணாக விடாமல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் அதுவே ஹீட் பம்ப் வெந்நீர் சாதனம். உள்ளே ஓடும் வாயு, காற்றில் இருக்கிற சூட்டைக் குடித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏறச் சூடும் ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு அடியில் சுடுவதை அறிவோம். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வாயு மறுபடி திரவமாகித் திரும்புகிறது.

கீசருக்கும் இதற்கும் வித்தியாசம் நம் தொழிலில் சரக்கை விலைக்கு வாங்குவதற்கும், இலவசமாகக் கிடக்கும் சரக்கை ஏற்றிவருவதற்கும் உள்ள வித்தியாசம். கீசரில் ஒவ்வொரு யூனிட் சூட்டுக்கும் ஒரு யூனிட் கரண்ட் விலை கொடுக்கிறோம். ஹீட் பம்பில் சரக்கு காற்றில் சும்மா கிடக்கிறது. நாம் கொடுப்பது வண்டிச் சத்தம் மட்டும். ஒரு யூனிட் கரண்ட் செலவழித்தால் மூன்று முதல் நான்கு யூனிட் வரை சூடு தொட்டிக்குள் வந்து சேர்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. இந்தத் தத்துவத்தை 1852-ல் வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி எழுதிவைத்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர். அடுத்த சில வருடங்களில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் உப்பு ஆலை ஒன்றில் இதைச் செய்து காட்டினார். ஆக, இயந்திரம் முதலில் உழைத்தது நம் மளிகைச் சரக்கான உப்புக்குத்தான்.

பழைய கட்டிடத்துக்கு இது பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைப் பார்க்கலாம். அங்கே ஆற்றை ஒட்டி நிற்கும் நகர மன்ற மாளிகை 1698-ல் கட்டி முடிக்கப்பட்டது. நம் வீடுகளுக்குப் பாட்டன் வயது. 1938-ல் அதற்கு ஹீட் பம்ப் வைத்தார்கள். லிம்மத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூட்டை இறைத்து மாளிகையைச் சூடேற்றினார்கள். அந்த இயந்திரம் 2001 வரை, அறுபது வருடங்களுக்கு மேல் ஓடியது. மாளிகை இன்றும் நிற்கிறது. இங்கிலாந்திலும் பழைய செங்கல் வீடுகளைச் சூடேற்றுவது பெரிய தலைவலி. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கிற வீட்டுக்கு 2023 அக்டோபரில் அரசு மானியத்தை 7,500 பவுனாக உயர்த்தியது. அவர்களுக்குள்ள சங்கடம், காற்று உறையும் நாளில்தான் சூடு அதிகம் தேவை. குளிர்ந்த காற்றிலிருந்து இறைப்பதற்குக் கூலி அதிகம். மார்கழிக் காலையிலும் நம் ஊரில் 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆழமில்லாத கிணறு நம்முடையது.

பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

எட்டு அறைக்கும் சமையலறைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை 30 டிகிரி ஏற்ற வேண்டும். இதற்கு வேண்டிய சூடு பதினேழரை யூனிட். இது இயற்கைக் கணக்கு. எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. அரை யூனிட் தொட்டியில் ஆறிப்போகும் என்று சேர்த்தால் கீசரில் 18 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட் பத்து ரூபாய் என்று போட்டால் நாளுக்கு 180 ரூபாய். ஹீட் பம்பில் ஐந்தரை யூனிட், 55 ரூபாய். மிச்சம் நாளுக்கு 125 ரூபாய்.

இதோடு நிறுத்திவிட்டுத்தான் விற்க வருகிறவர்கள் கணக்கை மூடுவார்கள். வியாபாரி அப்படி மூடக் கூடாது. வட்டி போட வேண்டும். இயந்திரம் இரண்டு லட்சம் என்று வைப்போம். எட்டு கீசர் வாங்கினாலும் 64,000 ரூபாய் ஆகியிருக்கும். அதைக் கழித்தால் கூடுதல் முதல் 1,36,000. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் முதல் வருடம் வட்டி மட்டும் பதினாறாயிரம் சொச்சம். வருடம் 330 நாள் விடுதி நடந்தால் மிச்சம் 41,250 ரூபாய். வட்டி போக மீதி முதலில் கழிந்து, ஐந்தாம் வருடப் பாதிக்குள் கணக்கு நேராகிவிடுகிறது. அதன்பின் வருவது லாபம்.

ஆனால் விடுதி வருடத்தில் 120 நாள்தான் ஓடுகிறது என்றால்? மிச்சம் 15,000. வட்டியே கட்டாது. அப்படிப்பட்டவர் இதை வாங்கவே கூடாது. கல்யாணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்குப் பழைய செப்புத் தவலையும் விறகு அடுப்பும் போதும். நம் மாவட்டத்தில் கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை. புகையை மட்டும் சுவரை விட்டுத் தள்ளிவைக்க வேண்டும். அதுபோலவே ஐந்து பேர் உள்ள சாதாரணக் குடும்பத்துக்கும் இது தேவையில்லை. ஆளுக்கு ஒரு வாளி, இருபது லிட்டர் தண்ணீரைப் பன்னிரண்டு டிகிரி ஏற்றினால் போதும். எல்லாருக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. லட்சம் போட்டு ஒரு யூனிட் மிச்சம் பிடிப்பது வியாபாரமல்ல. தினமும் வெந்நீர் செலவாகிற விடுதி, மெஸ், இனிப்புக் கடை, பால் பண்ணை இவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

கேஸ் வைத்துக் காய்ச்சுகிறவர்களும் கணக்கிட வேண்டும். திறந்த அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்தைச் சுற்றி ஓடிவிடுகிறது. 500 லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கேஸ். 19 கிலோ வணிக சிலிண்டர் ஏழு நாளில் தீர்ந்துவிடும். சிலிண்டர் விலையை அவரவர் பில்லைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கரியமில வாயுவையும் இதே பேரேட்டில் எழுதலாம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே கீசர் நாளுக்குப் பன்னிரண்டரை கிலோ. கேஸ் அடுப்பு எட்டு கிலோ. ஹீட் பம்ப் நான்கு கிலோவுக்குள். கரண்ட் என்றாலே சுத்தம், கேஸ் என்றால் அழுக்கு என்று நினைத்திருந்த எங்களுக்கு, கீசர்தான் மூன்றிலும் மோசம் என்று தெரிந்தது வியப்பாகவே இருந்தது.

கிட்டங்கிக்கு வரும் லாபம்

இயந்திரம் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது என்றோம். சூடு போன காற்று என்ன ஆகிறது? குளிர்ந்து வெளியே வருகிறது. அதிலுள்ள ஈரமும் துளித்துளியாக வடிந்துவிடுகிறது. குளிர்ச்சியும் உலர்வும் வேண்டியிருப்பது யாருக்கு? வெல்லம் கசிகிறது, மிளகாய் வற்றல் பதத்துப் போகிறது என்று ஐப்பசி கார்த்திகையில் புலம்புகிற நமக்குத்தான்.

நாளுக்கு 17.5 யூனிட் சூட்டில் ஐந்து யூனிட் கரண்டிலிருந்து வந்தது என்றால், மீதி பன்னிரண்டரை காற்றிலிருந்து வந்தது. ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் சூடு மூன்றரை யூனிட். ஆக, வெந்நீர் காய்ச்சும்போதே ஒரு டன் ஏ.சி.யை மூன்றரை மணி நேரம் ஓட்டிய குளிர்ச்சி நமக்குக் கொசுறாகக் கிடைக்கிறது. இதனால் கிட்டங்கி ஊட்டியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். கதவைத் திறந்து வைத்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் இயந்திரத்தைப் பின்கட்டில் கிட்டங்கிச் சுவரை ஒட்டி வைத்து, வெளிக்காற்றை ஒரு தகரக் குழாயால் பழைய காற்றுப் புழை வழியாக உள்ளே விட்டிருக்கிறோம். புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. வெல்லமும் பேரீச்சம்பழமும் அந்த மூலையில்தான் அடுக்குகிறோம். வடிகிற தண்ணீரை மட்டும் கவனமாக வெளியே குழாயில் விட வேண்டும். ஒருமுறை மூட்டை நனைந்தவர்கள் சொல்கிறோம். எண்ணெய்ப் புகை வருகிற அடுப்படிக் காற்றை இயந்திரத்துக்குள் விடாதீர்கள். தகடுகளில் பிசுக்கு ஏறி மூச்சடைத்துவிடும்.

அறைக்குக் குளிர்ச்சி தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ.சி.யும் இதே இயந்திரம்தான், திருப்பி வைத்தது. உயரமான கூரையுள்ள நம் பட்டாலைகளை ஏ.சி. போட்டுக் குளிர்விக்க நினைப்பது முற்றத்தில் தண்ணீர் தேக்குவது போல. ஒரு சிறிய அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியும் போட்டுக்கொண்டால் போதும். நட்சத்திர முத்திரையுள்ள ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியே இருக்கிறது.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு மாடியில் தொட்டியை வைத்துப் பின்கட்டுக் குளியலறைக்குக் குழாய் இழுத்தால், ஐம்பது அடி முக்கால் அங்குலக் குழாயில் மட்டும் நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒவ்வொருவர் குழாயைத் திறக்கும்போதும் அந்த ஆறிய தண்ணீர்தான் முதலில் வரும். அதற்குச் செலவழித்த காசும் அதோடு சாக்கடைக்குப் போகும். ஆகவே தொட்டி குளியலறைக்குப் பக்கத்தில், தரையில் சிமெண்ட் மேடை போட்டு நிற்கட்டும். ஓட்டின்மீது பாரமில்லை, சுவரில் ஆணியில்லை, நாளை வேண்டாம் என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் மூத்த பங்காளியிடம் சம்மதம் வாங்க இந்த ஒரு வாசகமே போதுமானதாக இருந்தது.

மின்சார இழுப்பும் குறைவு. 200 லிட்டர் சாதனம் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்குகிறது. ஒரு கீசர் இழுப்பதில் பாதி. அவசரம்தான் உதவாது. கீசர் போல் பத்து நிமிடத்தில் கொதிக்காது. மணிக்கணக்கில் மெள்ளக் காய்ச்சும். நாங்கள் நேரக் கட்டுப்பாட்டுச் சாவி வைத்து உச்சிப் பொழுதில் ஓட்டுகிறோம். காற்று சூடாக இருக்கிற நேரத்தில் இறைக்கும் கூலியும் குறையும். சூடு குறி 50 டிகிரியில் இருந்தால் போதும். குறியை ஏற்ற ஏற்றக் கரண்ட் ஏறும். ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும் என்பதால், விடுதிக்காரர் வாரம் ஒருமுறையாவது 60 டிகிரிக்கு ஏற்றி இறக்குவது நல்லது.

உள்ளே இருக்கும் வாயு எது என்றும் கேட்டு வாங்குங்கள். ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், அது இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். மூவாயிரம் யூனிட் கரண்ட் எரித்த பாவம் ஒரே கசிவில் வந்துவிடும். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்பது நம் கேஸ் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனேதான். அந்தப் பாவம் மிகக் குறைவு, ஆனால் எரியக்கூடியது. அதைக் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். சூடேறினால் உப்பு படிந்து தகடாகிவிடும், தொட்டியும் அரிக்கும். இதற்காகவே தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று செருகியிருப்பார்கள். இரும்புக்குப் பதிலாக அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு கரைந்துபோவது அதன் வேலை. அரிமான ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் நம் காரைக்குடியிலேயே திறக்கப்பட்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு தொட்டியைத் துருப்பிடிக்க விடுவது நமக்கு அழகல்ல. ஆனால் சாதனம் விற்கிற பலர் தண்டைப் பற்றிச் சொல்வதே இல்லை. நாங்கள் வாங்கி இரண்டாம் வருடம் கழற்றிப் பார்த்தபோது விரல் தடிமன் இருந்தது ஈர்க்குச்சியாகி இருந்தது. புதுத் தண்டு சில நூறு ரூபாய்தான்; புதுத் தொட்டி பல ஆயிரம். ஆயுத பூஜைக்குத் தராசைத் துடைக்கிற அன்றே தண்டையும் கழற்றிப் பார்த்து, தொட்டி அடியில் உள்ள திருகைத் திறந்து வண்டலை வெளியேற்றிவிடுகிறோம்.